நடந்த பிறகு எழுதும் பாடக்குறிப்பு

பவானியில் ஒரு வீடு. அங்கே பாடக்குறிப்பு எழுதுவது ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பாடக்குறிப்பு என்றால் வரப்போகும் வாரத்துக்காக ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி, திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்குகிற நோட்டு. தேதி, வகுப்பு, பாடப்பொருள், கற்றல் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக இருக்கும். இந்த வீட்டு நோட்டிலும் அதே கட்டங்கள் உண்டு. ஆனால் எழுதுவது அன்றைக்கு நடந்து முடிந்ததை. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: “பாடப்பொருள்: வகுத்தல், மீதி. துணைக்கருவி: எரிந்துபோன 5 எச்.பி. மோட்டார். மதிப்பீடு: மோட்டார் ஓடியது.” இன்னொரு பக்கத்தில் பாடப்பொருள் கட்டம் காலி. மதிப்பீடு என்ற இடத்தில் “இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை” என்று மட்டும்.

எழுதுகிறவரைத் தெருவில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் டீச்சர்தான். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது முதலில் சம்பளம் பாதியானது, அப்புறம் அதுவும் நின்றது. அந்த வருடம் தனியார் பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் கதி. அவருடைய மூத்த மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. சின்னவன் எல்.கே.ஜி. போக ஆரம்பித்து அழுகையை நிறுத்தியிருந்த சமயம்.

ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருடத்துக்கும் மேல் வீட்டிலேயே இருந்த பிள்ளைகளுக்குள் என்னவோ ஓட ஆரம்பித்திருந்தது. அதை அறுத்துப் பள்ளிக்கு அனுப்ப டீச்சருக்கு மனசு வரவில்லை. “இன்னொரு டெர்ம் பாக்கலாம்” என்றார் கணவர். அந்த டெர்ம் இன்னும் முடியவில்லை.

இதற்குப் பின்னால் பெரிய சித்தாந்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964-இல் புத்தகம் எழுதி, 1977-இல் பள்ளியில்லாமல் வளர்ப்பவர்களுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். வீட்டுக் கல்வி என்றால் அவர் பெயரைச் சொல்லாதவர்கள் குறைவு. டீச்சர் அவரைப் படித்தது பின்னால். முதலில் படித்தது பி.எட். காலத்தில் கைக்கு வந்த கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கியவர் கிஜுபாய். அவரும் பள்ளிக்கூடத்துக்காரர்தான். டீச்சருக்கும் பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் கிடையாது. நாற்பது பேரை நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டிய அவசரம் மட்டும்தான் அவருக்குப் பிடிக்காதது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவசரம் எதற்கு?

வீட்டின் முன்பகுதியில் கணவரின் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. சித்திரை, வைகாசியில் கிணற்று மோட்டார்கள் வரிசையில் வந்து உட்காரும்: வோல்டேஜ் குறைந்தோ, மூன்று ஃபேஸில் ஒன்று போனது தெரியாமல் ஓட்டியோ, வார்னிஷ் கருகின நாற்றத்தோடு. மூடியைக் கழற்றி, ரோட்டரை உருவி எடுத்தால் உள்ளே ஸ்டேட்டரின் உள்வட்டம் முழுக்க ஸ்லாட்டுகள். அதில் கருத்துப்போன செம்புக் கம்பிச் சுருள்கள். எரிந்துபோன பழைய காயிலை அப்படியே வெட்டி எறிந்துவிடக் கூடாது. ஒரு சுருளில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டில் நுழைந்து எந்த ஸ்லாட்டில் வெளியே வருகிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் கட்டர் வைக்க வேண்டும். குறிப்பதில் தப்பினால் புதிதாகக் காயில் கட்டிய மோட்டார் சூடேறும், இல்லாவிட்டால் தண்ணீர் இறைக்காது.

சுற்று எண்ணுகிற வேலை சின்னவனுடையது. ஏழு வயதில் வெறும் எண்ணிக்கையாகத் தொடங்கியது. ஒருநாள் ஸ்டேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அப்பா, ஏன் மூணு மூணா சேத்திக் கட்டியிருக்குது?”

“இது நாலு போல் மோட்டாரு. மொத்தம் முப்பத்தாறு ஸ்லாட்டு. நாலாப் பங்கு போடு.”

“ஒம்பது.”

“கரண்டு மூணு பேஸு. ஒம்பத மூணாப் பங்கு போடு.”

பையன் பதில் சொல்லவில்லை. மூலையில் கிடந்த 24 ஸ்லாட் ஸ்டேட்டருக்கு ஓடினான். நாலால் வகுத்தால் ஆறு, மூன்றால் வகுத்தால் இரண்டு. கம்பிகளைப் பார்த்தான், இரண்டு இரண்டாகத்தான் இருந்தன. திரும்பி வந்து கேட்டதுதான் கேள்வி: “முப்பது ஸ்லாட்டு வந்தா?” முப்பதை நாலாகப் பங்கு போட்டால் ஏழரை வருகிறது, ஸ்லாட்டை அரையாக வெட்ட முடியாதே. தகப்பனார் சிரித்துவிட்டு, “அதுல ரெண்டு போல் கட்டுவாங்க” என்றார். முப்பதில் பாதி பதினைந்து, அதை மூன்றால் வகுத்தால் ஐந்து. மீதி இல்லை. அன்றைக்கு ராத்திரி நோட்டில் எழுதியதுதான் மேலே சொன்ன ‘வகுத்தல், மீதி’. நாலாம் வகுப்புப் புத்தகத்தில் மிட்டாயைப் பங்கு போடுகிற கணக்காக வரும் விஷயம். மிட்டாய் மீந்தால் யாராவது வாயில் போட்டுக்கொள்வார்கள். ஸ்லாட் மீந்தால் இந்தக் கணக்கில் காயில் கட்ட முடியாது.

கம்பியின் கேஜ் அடுத்த புதிர். 18, 20, 22 என்று நம்பர் ஏற ஏறக் கம்பி இளைக்கிறது. 18 கேஜ் கம்பி 1.22 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.91, 22 கேஜ் 0.71. ஒன்பது வயதுப் பையன் இதை மனப்பாடம் செய்யவில்லை; திருகு அளவியில் வைத்துத் திருகிப் படித்தான், சுருள் கம்பியின் மேல் இருக்கும் எனாமலை முதலில் சுரண்ட வேண்டும் என்பது உட்பட. ‘மீச்சிற்றளவு’ என்று பாடப்புத்தகம் சொல்லும் வார்த்தை அவனுக்குத் தெரியாது. ஆனால் கோடு சேராமல் நின்றால் நூறில் ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசிக்கத் தெரியும். பரீட்சை வந்தால் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறார் டீச்சர்; அதற்கு ஒரு சாயங்காலம் போதும்.

கடையில் கரண்டு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. சீரீஸ் லேம்ப் போட்டுப் பார்ப்பது, மெயின் போடுவது இரண்டும் அப்பா கை மட்டும். பிள்ளைகள் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மோட்டார் நெற்றியில் இருக்கும் தகட்டில் 1440 ஆர்.பி.எம். என்று இருக்கும். தகப்பனார் எப்போதும் “நாலு போலுன்னா ஆயிரத்தி ஐநூறு, ரெண்டு போலுன்னா மூவாயிரம்” என்பார். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மூத்தவள் கேட்க, “லோடு ஏறுனா கொஞ்சம் வழுக்கும் கண்ணு” என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அவர் பட்டறையில் தொழில் கற்றவர். சூத்திரம் எழுதிப் பழக்கமில்லை. டீச்சர் யாரிடமோ டிப்ளமோ புத்தகம் வாங்கி வந்து காட்டினார்: 120-ஐ மின்சாரத்தின் அலைவெண்ணால் பெருக்கி, போல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 120 × 50 ÷ 4 = 1500. வழுக்குவது 60 சுற்று, அதாவது நூற்றுக்கு நாலு. அப்பா கைக்குத் தெரிந்ததும் அம்மா புத்தகத்தில் இருந்ததும் ஒரே எண்ணில் வந்து முட்டியதை மூத்தவள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டுப் படிப்பின் பலம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். பலவீனமும் இதுவேதான்: வீட்டில் ஒரு கடையும், கணக்கு டீச்சரும் இல்லாத குடும்பம் இதை அப்படியே எடுத்துச் செய்ய முடியாது.

சின்னவன் எட்டு வயதாகியும் தமிழ் படிக்கவில்லை. இதை வேகமாகச் சொல்லித் தாண்டிவிட முடியாது. சொந்தக்காரர்கள் தாண்டவிடவும் இல்லை. எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்க மாட்டான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலின் பழைய அட்டைகளையும் ஏணிப் படத்தையும் அரசுப் பள்ளித் தோழி ஒருவரிடம் வாங்கி வந்தார் டீச்சர். அவரவர் வேகத்தில் படி ஏறலாம் என்பதுதான் அந்த ஏணியின் அழகு. பையன் மூன்றாவது படியில் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

“ஏனம்மிணி, பள்ளிக்கொடத்துல போட்டிருந்தா இன்னேரம் பேப்பரே படிச்சிருப்பான்ல?” என்று கேட்டது அப்பாரு, அதாவது மாமனார். ஜமக்காளத் தறியில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தவர்.

“படிப்பான் மாமா, இருங்க.”

கடைசியில் படிக்க வைத்ததும் அப்பாருதான், தெரியாமலே. அவர் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. பவானி பஸ் ஸ்டாண்டில் போர்டு தெரியவில்லை. யாரையும் கேட்க ரோஷம். துணைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தியூரில் அவருடைய தங்கச்சி வீடு. மேட்டூர் ரோட்டில் இருக்கிற அம்மாபேட்டைக்கும் வண்டி உண்டு. இரண்டும் ‘அ’வில் ஆரம்பிக்கிறது, இரண்டிலும் அடுத்த எழுத்தின் தலையில் புள்ளி. அது ‘ந்’தா ‘ம்’மா என்று பார்க்காவிட்டால் வேறு ஊரில் போய் இறங்க வேண்டியதுதான். வண்டி நிற்கும் நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். சங்ககிரி, குமாரபாளையம், சத்தி, கோபி, மேட்டூர் என்று போர்டுகள் ஒவ்வொன்றாக அவன் வாய்க்குள் வந்தன. அப்புறம் பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கும் வசனங்கள், டீக்கடைத் தட்டி, கல்யாண பேனர். நோட்டில் அந்த மாதம் தமிழ் என்ற தலைப்பின் கீழ் துணைக்கருவி கட்டத்தில் பஸ் பெயர்களாகவே இருக்கின்றன. இப்போது கிளை நூலகத்தில் பழைய ‘துளிர்’ இதழ்களை அடுக்கி வைத்துப் படிக்கிறான். சரளம் என்று சொல்ல முடியாது. கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான்.

நடந்ததை எழுதி வைப்பதில் ஒரு வசதி உண்டு. மாதக் கடைசியில் டீச்சர் நோட்டைப் புரட்டி, பாடவாரியாகக் கோடு போட்டு எண்ணுவார். தானாக நடப்பது எது, நடக்காமலே போவது எது என்று அப்போது தெரிந்துவிடும். கணக்கும் அறிவியலும் கொட்டிக் கிடக்கும். வரலாறு அநேகமாக இருக்காது. ஆங்கிலத்தில் பேசுவது, பார்ப்பது உண்டு, எழுதுவது இல்லை. பிள்ளை விருப்பத்துக்கு விட்டால் எல்லாம் வந்துவிடும் என்று சொல்பவர்களோடு டீச்சர் இந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை. விருப்பம் வீட்டில் என்ன கிடக்கிறதோ அதன் மேல்தான் போகும். இந்த வீட்டில் செம்புக் கம்பி கிடக்கிறது, சோழர் செப்பேடு கிடக்கவில்லை. காலியாக இருக்கும் கட்டத்துக்குத் தகுந்த பொருளை அடுத்த மாதம் வீட்டுக்குள் கொண்டுவருவதோ, பிள்ளைகளை அது இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவதோதான் டீச்சர் வேலை.

அப்படி வந்ததுதான் காலிங்கராயன் வாய்க்கால். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுவதை யாரும் வரலாறு என்று நினைப்பதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானி ஆற்றில் கிளம்பி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் நொய்யலில் சேர்கிறது. மூத்தவள் வரைபடத்தின் மேல் நூலை வைத்து வளைவு வளைவாக அளந்தாள். நேராக வெட்டியிருந்தால் எவ்வளவோ மிச்சம், ஏன் இப்படி? ஊர்க்கதைப்படி, ஒரு பாம்பு ஊர்ந்து வழி காட்ட, அது போன தடத்திலேயே வெட்டினார்கள். “பாம்புக்கு எப்படித் தெரியும்?” என்றான் சின்னவன். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய் நின்றார்கள். உள்ளே தெரிகிற டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு சுவரில் பிடித்து மட்டம் பார்க்கிற வித்தையை அவர் காட்டினார். அந்த டியூபோடு வாய்க்கால் கரையில் ஒரு காலை முழுக்கப் போனது. தண்ணீர் நிற்காமலும், பாய்ந்து கரையை அறுக்காமலும் போக வேண்டுமானால் மேடு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, மெல்லிய சரிவிலேயே போயாக வேண்டும், வளைவெல்லாம் அதற்குத்தான். பாம்பை யாரும் மறுக்கவில்லை. மட்டம் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் பாம்போடு கூடவே போயிருக்க வேண்டும் என்று மூத்தவள் எழுதி வைத்திருக்கிறாள்.

கொடுமணலுக்கும் போனார்கள். சென்னிமலையைத் தாண்டி நொய்யல் கரையில் இருக்கிறது. 1985 தொடங்கி அங்கே நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த இடங்களும், இரும்பு உருக்கிய தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. பிள்ளைகள் எதிர்பார்த்துப் போனது மியூசியம். பார்த்தது முள்காடும் மேய்கிற ஆடுகளும். சின்னவனுக்கு ஏமாற்றம். இரும்பை உருக்க எவ்வளவு சூடு வேண்டும் என்று மட்டும் திரும்பி வரும்போது அப்பாவிடம் கேட்டான். வரலாறு என்ற கட்டத்தில் அன்றைக்கு விழுந்தது அவ்வளவுதான்.

நிழல் அளந்த கதை இன்னும் நன்றாக அமைந்தது. 2023 செப்டம்பர் 23, சனிக்கிழமை. சூரியன் நிலநடுக்கோட்டின் தலைக்கு மேல் நிற்கிற நாள். டீச்சரின் தங்கை நாகர்கோவிலில் வாக்கப்பட்டிருக்கிறார். அவர் மகனுக்கு அன்றைக்குப் பள்ளி விடுமுறை. வரைபடத்தில் பார்த்தால் நாகர்கோவில் பவானிக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. இரண்டு மொட்டை மாடியிலும் ஒரு மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு கட்டி நேராக நிறுத்தியது. கீழே சார்ட் பேப்பர். பன்னிரண்டு மணிக்கு முன்னாலிருந்து நிழலின் நுனியில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். நிழல் குறைந்து குறைந்து வந்து மறுபடி நீளத் தொடங்கும் இடம்தான் உச்சி.

கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தும் நிழல் குறைந்துகொண்டே இருந்தது. சின்னவன் கடிகாரம் தப்பு என்றான். கடிகாரம் தப்பில்லை, இந்தியா முழுமைக்கும் நேரம் வைத்திருப்பது மிர்சாபூர்ப் பக்கமாகப் போகும் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து. பவானி அதற்கு மேற்கே ஐந்து பாகைக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளி இருக்கிறது, நமக்குச் சூரியன் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். பன்னிரண்டே கால் நெருங்குகையில் ஒரு மேகம் குறுக்கே வந்து எல்லோரையும் கத்த வைத்துவிட்டுப் போனது. மூத்தவள் அளந்தது இருபதரை சென்டிமீட்டர். நாகர்கோவில் பையன் போனில் சொன்னது பதினான்கு.

பன்னிரண்டு வயதில் அவளுக்கு டேன் தீட்டா தெரியாது. குச்சியையும் நிழலையும் அளவு குறைத்துத் தாளில் முக்கோணமாக வரைந்து, கோணமானி வைத்துப் பார்த்தாள். இங்கே பதினொன்றரை பாகை, அங்கே எட்டு. வித்தியாசம் மூன்றரை. இரண்டு ஊருக்கும் நடுவில் தெற்கு வடக்காக எவ்வளவு என்று அட்லஸில் ஸ்கேல் வைத்தால் 360 கிலோமீட்டர் போல வந்தது. மூன்றரை பாகைக்கு 360 என்றால் முழு வட்டத்துக்கு? 37 ஆயிரம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40 ஆயிரம். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டு ஊரை வைத்துச் செய்ததும் இதேதான்; அவருக்குக் கிடைத்த வித்தியாசம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. “மூவாயிரம் எங்க போச்சு?” என்று அவள் விடவில்லை. அரை சென்டிமீட்டர் கூட அளந்திருந்தாலே கோணம் கால் பாகைக்கு மேல் நகர்ந்துவிடுகிறது என்று தானே முக்கோணத்தைத் திருப்பித் திருப்பி வரைந்து கண்டுபிடித்தாள். நாகர்கோவில் பையன் அந்தத் தாளைத் திங்கட்கிழமை பள்ளிக்கு எடுத்துப் போனதாகத் தகவல்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் எல்லா நாளும் திருவிழா என்று தோன்றும். அப்படியில்லை. பாதி நாள் ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் எழுவதே இல்லை. மழை நாளில் போனைப் பிடுங்குவதே பெரும்பாடு. டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடமும் படுத்துவிடும். வீட்டுக் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் பிள்ளைகளின் சுதந்திரத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். பகல் முழுவதையும் சம்பளமில்லாமல் கொடுக்கிற ஒருவரைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கிறது. வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தை டீச்சரும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அது இன்னொரு நோட்டு.

2021 அக்டோபர் கடைசியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது அவர் தன்னார்வலராகச் சேர்ந்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு. இதனால் ஒரு தினுசான ஏற்பாடு உண்டாயிற்று: பகலில் பள்ளிக்குப் போகாத இரண்டு பேரும் சாயங்காலத்தில் பள்ளிக்குப் போய் வந்த பிள்ளைகளோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்தார்கள். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வதையும், கண்ணாமூச்சியில் ஏமாற்றுவதையும், அப்பாரு காதில் விழக் கூடாத சில வார்த்தைகளையும் சின்னவன் அங்கேதான் கற்றான். நாலு பேரோடு பழக வேண்டாமா என்று கேட்கிறவர்களிடம் டீச்சர் திண்ணையைக் காட்டுவார்.

ஒரு மே மாதம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் வந்தார். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுத்தார்கள்.

“புள்ளைங்க எந்த ஸ்கூலுங்க?”

“ஸ்கூலுக்குப் போறதில்லீங்க சார். வீட்டுலயே படிக்கிறாங்க.”

“வேலைக்கு அனுப்பறீங்களா?”

“இல்லீங்க சார். நான் பி.எட். படிச்சிருக்கேன்.”

நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அவர் பொறுமையாகப் புரட்டினார். நிழல் கணக்கில் கொஞ்ச நேரம் நின்றார். கையிலிருந்த படிவத்தில் இடைநின்றவர், இடம்பெயர்ந்தவர் என்றெல்லாம் இருந்தது. இவர்களை எதில் போடுவது என்று அவருக்குப் புரியவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் படிப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. “எப்ப வேணாலும் வயசுக்கேத்த வகுப்புல சேத்திக்கலாமுங்க டீச்சர், யோசிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் அதே சட்டத்தில் உள்ள வசதிதான்.

யோசிக்கவும் செய்தார்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இலிருந்து இருக்கிறது. மூத்தவள் வீட்டிலேயே இருந்தால் இரண்டும் கிடையாது. இலவச சைக்கிளும் பஸ் பாஸும் கிடையாது. இதை முன்னால் வைத்து, வேண்டுமானால் போகலாம் என்று அவளிடமே கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, சைக்கிள் மட்டும் வாங்கித் தரச் சொன்னாள். பழைய சைக்கிள் ஒன்று வந்தது; அதன் பெடல் பேரிங்கைக் கழற்றி மாட்டியது சின்னவனின் நோட்டில் ஏறியது.

இப்போதைய பேச்சு எல்லாம் பத்தாம் வகுப்பைப் பற்றி. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். மூத்தவள் அதை வேண்டாம் என்றுவிட்டாள். 1989-இல் தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது முடிந்தால் நேரடியாகப் பத்தாவது எழுதலாம். குறைந்தது ஐந்து பாடம், அதிகபட்சம் ஏழு. பதிவு ஐந்து வருடம் செல்லும். தயாரான பாடத்தை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதலாம். ஏப்ரல், மே ஒரு தேர்வு, அக்டோபர், நவம்பர் ஒரு தேர்வு. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு இருபது சதவீத மதிப்பெண். நடந்ததை எழுதியே பழகிய வீட்டுக்கு, கேட்டதை எழுதுவது புதுப் பழக்கம்.

பாடம் எடுப்பதில்தான் சண்டை. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் தகராறில்லை. நாலாவதாக அறிவியல் என்கிறார் டீச்சர். ஓவியம் வேண்டும் என்கிறாள் மகள். அப்பாரு தறியில் ஜமக்காளத்துக்குப் பாவு எப்படி ஓடுகிறது, ஊடையில் எந்த நிறம் எத்தனை வரிசைக்கு மாறுகிறது என்று கட்டத்தாளில் வண்ணம் தீட்டத் தொடங்கியவள், இப்போது தானே பட்டைகள் போட்டுப் பார்க்கிறாள். 2005-06-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜமக்காளத்தைத் தறியில் நெய்கிறவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் இந்தப் பேத்தி கட்டத்தாளும் கையுமாகப் பக்கத்தில் உட்காருவது அப்பாருக்குச் சந்தோஷம். ஆனால் அவர் ஓட்டு ‘டேட்டா என்ட்ரி’க்கு. கம்ப்யூட்டர் தெரிந்தால் சோறு நிச்சயம் என்பது அவர் கட்சி.

நாலு, ஐந்தாக அறிவியலையும் ஓவியத்தையும் வைத்துக்கொள்வது, சமூக அறிவியலை ஆறாவதாகப் பார்ப்பது என்கிற அளவில் சமாதானம் ஆகியிருக்கிறது. அறிவியல், ஓவியம் இரண்டுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. அறிவியலுக்கு வீட்டில் திருகு அளவி இருக்கிறது, மல்டிமீட்டர் இருக்கிறது. சோதனைக் குழாயும் அமிலமும் இல்லை. படிப்பு மையத்து ஆய்வகத்தில் எந்தக் கிழமை விடுவார்கள், வெளிப் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் கொடுப்பார்கள் என்று கேட்டுவர, திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு அப்பாவும் மகளும் போகிறார்கள். சின்னவனும் கிளம்புகிறான். ஆய்வகத்தில் மோட்டார் இருக்குமா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.